செபி ஸ்கோர்ஸ் ரிவ்யூ: புரோக்கர் மேல கம்ப்ளைன்ட் குடுத்தா ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஆனா கையில பேப்பர் இருந்தாத்தான் நடக்கும், தேதி தவறாம பின்னாடியே போனாத்தான் நடக்கும். என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. அந்த ஒன்றரை எங்க போச்சுன்னு கீழ விவரமா சொல்றேன், ஏன்னா ஷேர் மார்க்கெட்ல காசு போட்டிருக்கற நெறைய பேருக்கு ஸ்கோர்ஸ்னு ஒண்ணு இருக்கறதே தெரியல, தெரிஞ்சவங்கள்லயும் பாதி பேர் "கவர்மென்ட் வெப்சைட் தானே, போட்டு என்ன ஆகப்போகுது"ன்னு விட்டுடறாங்க.

என்னன்னே தெரியாதவங்களுக்கு சுருக்கமா. செபிங்கறது ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற அரசு அமைப்பு, 1988ல ஆரம்பிச்சது, 1992ல தனிச் சட்டம் வந்தப்பறம்தான் அதுக்கு நிஜமான அதிகாரம் கெடச்சுது. புரோக்கர், மியூச்சுவல் ஃபண்டு, இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர், நம்ம ஷேர மின்னணு கணக்குல வச்சிருக்கற டெபாசிட்டரி எல்லாரும் அது கிட்ட ரிஜிஸ்டர் பண்ணாம தொழில் பண்ண முடியாது. இவங்க மேல நமக்கு புகார் இருந்தா போட வேண்டிய எடம் ஸ்கோர்ஸ். 2011ல இருந்தே இருக்கு, 2024 ஏப்ரல்ல புது வெர்ஷன் வந்துச்சு. நான் சொல்றது அந்தப் புது வெர்ஷனப் பத்தி. இதுக்கு தனியா காசு கட்ட வேணாம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, உங்க கான்ட்ராக்ட் நோட்ல (டிரேடு நடந்ததுக்கு புரோக்கர் அனுப்பற பில்) செபி டர்ன்ஓவர் ஃபீஸ்னு ஒரு வரி இருக்கும், ஒரு கோடிக்கு பத்து ரூபா, அதாவது ஒரு லட்சத்துக்கு வாங்கினா பத்து பைசா. சின்ன தொகைதான், ஆனாலும் ஒவ்வொரு டிரேடுக்கும் நாம குடுக்கறோம், அதனால இந்த சர்வீஸ கேட்டு வாங்கற உரிமை நமக்கு முழுசா இருக்கு.

நான் இதுக்குள்ள போனது என் மாமாவுக்காக. ரிட்டையர் ஆனப்போ வந்த பணத்துல நல்ல நல்ல கம்பெனி ஷேரா வாங்கி வச்சிருந்தாரு, ஒரு பெரிய புரோக்கிங் கம்பெனில, பேர் இங்க வேணாம். அங்க இருந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர் தம்பி தெனமும் போன் பண்ணி "சாப்பிட்டீங்களா சார், ஷேர் சும்மா தானே கெடக்குது, அத மார்ஜினா, அதாவது ஈடா வச்சு கொஞ்சம் ஆப்ஷன் பண்ணலாம், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் நான் பாத்துக்கறேன்"னு பேசிப் பேசியே எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ங்கற ரிஸ்க் அதிகமான டிரேடிங்) செக்மென்ட ஆக்டிவேட் பண்ண வச்சு, ஷேர அடகு வைக்கறதுக்கான பிளெட்ஜ் ஓடிபியையும் வாங்கி, அதுக்கப்பறம் ஒரே நாள்ல வாங்கி வித்து வாங்கி வித்துன்னு ஓட்டிட்டாரு. லாபம் நஷ்டம் எப்படிப் போனாலும் கம்பெனிக்கு புரோக்கரேஜ் உண்டு. மாமாகிட்ட கேட்டா "நான் ஒண்ணுமே பண்ணலடா, பேங்க்ல கெடக்கற மாதிரி அப்படியே கெடக்குது"ங்கறாரு. அவர் போன வாங்கிப் பாத்தா எக்ஸ்சேஞ்ச்ல (என்எஸ்இ, பிஎஸ்இ மாதிரி ஷேர் சந்தை) இருந்து அன்னன்னைக்கு நடந்த டிரேடுக்கு மெசேஜ் வரிசையா வந்து கெடக்கு, ஒண்ணும் திறந்து பாக்காம.

மொத வேலையா புரோக்கர் கம்பெனிக்கே மெயில் போட்டோம். இத யாரும் தாண்டிப் போகாதீங்க, ஒவ்வொரு புரோக்கரும் புகாருக்குன்னு தனி மெயில் ஐடி வச்சிருக்கணும், அங்க கேட்டு பதில் சரியில்லன்னாதான் ஸ்கோர்ஸுக்கு போறது முறை. அவங்க பதில் நாம எதிர்பாத்த மாதிரியே, "எல்லாம் உங்க சம்மதத்தோட நடந்ததுதான்". சரின்னு ஸ்கோர்ஸ்ல போட்டோம்.

போர்ட்டல் யூஸ் பண்றது உண்மையிலேயே சுலபமா இருந்துச்சு. பான் நம்பர், பிறந்த தேதி குடுத்தா கேஒய்சி ரெக்கார்ட்ல இருந்து பேர் அட்ரஸ் எல்லாம் அதுவே எடுத்துக்கும், மொபைலுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான். புரோக்கர் பேர தேடி எடுத்து, புகார் எந்த வகைன்னு தேர்ந்தெடுத்து, நடந்தத எழுதி, ஆதாரத்த பிடிஎஃப்பா ஏத்தணும். கதையா எழுதாதீங்க. எந்தத் தேதி, எந்த டிரேடு, எவ்வளவு போச்சு, என்ன வேணும்னு எழுதுங்க. நாங்க ஒரு டேபிளே போட்டு, கான்ட்ராக்ட் நோட்ல இருந்து ஒவ்வொரு டிரேடையும் எடுத்து எழுதி, பக்கத்துல "இதுக்கு ஆர்டர் குடுத்த ஆதாரம் காட்டவும்"னு போட்டோம். கேஸே அந்த ஒரு வரிலதான் திரும்புச்சு.

ஏன்னு சொல்றேன். 2017, 2018ல செபி ரெண்டு சர்க்குலர் போட்டிருக்கு, கஸ்டமர் சொல்லாம டிரேடு பண்றத தடுக்க. அதுல என்ன இருக்குன்னா, எந்த டிரேடா இருந்தாலும் கஸ்டமர்தான் ஆர்டர் குடுத்தாருங்கறதுக்கு புரோக்கர் கையில ஆதாரம் இருக்கணும். போன் ரெக்கார்டிங், மெயில், எஸ்எம்எஸ், கையெழுத்து போட்ட சீட்டு, ஆப் வழியா போனதா இருந்தா அதோட லாக், இதுல ஏதாவது ஒண்ணு. தகராறு வந்தா நிரூபிக்க வேண்டியது புரோக்கர்தான், நாம இல்ல. பெரும்பாலானவங்க இத தலைகீழா நெனச்சுக்கிட்டு "நான் சொல்லலன்னு நான் எப்படி நிரூபிக்கறது"ன்னு பயந்து விட்டுடறாங்க. அந்த பயமே வேணாங்க.

இப்ப நேரக் கணக்கு. புகார் நேரா கம்பெனிக்கே போகும், அவங்க 21 நாளுக்குள்ள என்ன நடவடிக்கை எடுத்தோம்னு ரிப்போர்ட் போடணும். முன்னாடி 30 நாளா இருந்தத புது வெர்ஷன்ல குறைச்சிருக்காங்க, பதில் போடலன்னா சிஸ்டமே அடுத்த படிக்கு தள்ளிடுது, இது ரெண்டுமே நல்ல மாற்றம். மாமா கேஸ்ல கம்பெனி கெடுவுக்குள்ள பதில் போட்டுச்சு. என்ன பதில்? கான்ட்ராக்ட் நோட் மெயில்ல அனுப்பிட்டோம், கஸ்டமர் அப்ப ஆட்சேபிக்கல, பிளெட்ஜ் ஓடிபி அவரே குடுத்தாரு, ஆகவே சம்மதம். பாக்கறதுக்கு ரொம்ப கனமான பதில் மாதிரி இருக்கும், வக்கீல் பாஷை, நாலு பக்கம். இங்கதான் பாதி பேர் ஓஞ்சு போயிடறாங்க.

ஓயாதீங்க. அந்தப் பதில் வந்ததுல இருந்து 15 நாளுக்குள்ள, மறுபடி பாக்கச் சொல்லி ரிவ்யூ கேக்கணும். கேக்கலன்னா திருப்தி ஆயிட்டீங்கன்னு எடுத்துக்கிட்டு புகார மூடிடுவாங்க. ரிவ்யூ கேட்டா புரோக்கர் விஷயத்துல அது எக்ஸ்சேஞ்ச் கிட்ட போகும். நாங்க அதுல எழுதினது ரொம்ப சிம்பிள்: ஓடிபி குடுத்தது ஷேர பிளெட்ஜ் பண்ண, டிரேடு பண்ண இல்ல, ஒவ்வொரு டிரேடுக்கும் ஆர்டர் ஆதாரம் எங்க? எக்ஸ்சேஞ்ச் அத அப்படியே கம்பெனிகிட்ட கேட்டுச்சு. கம்பெனி கொஞ்ச ரெக்கார்டிங் குடுத்தாங்க, மீதி எல்லாம் அந்தத் தம்பி சொந்த மொபைல்ல பேசினது, ரெக்கார்டே இல்ல. ரெக்கார்டிங் இருந்த டிரேடுல மாமா "சரிப்பா, செய்ப்பா"ன்னு சொல்லியிருக்காரு, அதுல போனது போனதுதான், அது நியாயமும் கூட. ஆதாரம் இல்லாத டிரேடுகளோட நஷ்டமும் புரோக்கரேஜும் திரும்ப அக்கவுன்ட்ல வந்துச்சு. முழுசா வரல, ஆனா வந்ததே பெரிய தொகை, அத்தைக்கு அப்பறம்தான் தூக்கமே வந்துச்சு.

இப்ப அந்த ஒன்றரை மார்க்குக்கு வர்றேன்.

மொத ரிவ்யூ பண்றது எக்ஸ்சேஞ்ச். எக்ஸ்சேஞ்சுக்கு வருமானம் எங்க இருந்து வருது? டிரேடு எவ்வளவுக்கு எவ்வளவு ஓடுதோ அவ்வளவு வருமானம். புரோக்கர்கள்தான் அந்த டிரேட கொண்டு வர்றவங்க. புரோக்கர இன்ஸ்பெக்‌ஷன் பண்றது, அவங்க தர்ற கணக்க சரிபாக்கறது, புகார்ல மொத தீர்ப்பு சொல்றதுன்னு முன்வரிசைக் காவல் பூராவும் எக்ஸ்சேஞ்ச் கையில குடுத்திருக்காங்க. எங்க கேஸ்ல சரியா நடந்துச்சு, அத மறுக்கல. ஆனா அமைப்பா பாத்தா இது எனக்கு ஒத்துக்கல. ரெண்டாவது ரிவ்யூ செபியே பாக்குது, அதுக்கும் 15 நாள் கெடு இருக்கு, ஆனா அது வரைக்கும் நடந்து போற பொறுமை வயசானவங்களுக்கு இருக்குமா? இன்னொண்ணு, பிரச்சினை நடந்து ஒரு வருஷத்துக்குள்ள புகார் போட்டாகணும். பென்ஷன்காரங்க பலரும் ஷேர் அக்கவுன்ட வருஷத்துக்கு ஒரு தடவ கூட திறக்கறதில்ல, அவங்களுக்கு ஒரு வருஷம் ரொம்ப கம்மி.

ஸ்கோர்ஸ்ல ஒத்து வரலன்னா ஸ்மார்ட் ஓடிஆர்னு தனி போர்ட்டல் இருக்கு, 2023ல வந்தது. மொதல்ல நடுவுல ஒருத்தர் உக்காந்து ரெண்டு பக்கமும் பேசி முடிக்கப் பாப்பாங்க, முடியலன்னா ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு, எல்லாம் ஆன்லைன்ல. அங்க போயிட்டா ஸ்கோர்ஸ் புகார் மூடிடும், அதனால யோசிச்சுப் போங்க. ஆர்பிட்ரேஷனுக்கு தொகையப் பொறுத்து ஃபீஸ் இருக்கு. எங்களுக்கு தேவைப்படல, அதனால அதுக்கு ரேட்டிங் குடுக்க மாட்டேன்.

ஆனா இந்த வேலையெல்லாம் செஞ்சப்போ எனக்கு ஒண்ணு நல்லா புரிஞ்சுது. செபியோட உண்மையான பாதுகாப்பு இந்தப் புகார் பொட்டில இல்ல, நம்ம காசும் ஷேரும் எந்த வழியா போகுதுங்கறத அவங்க மாத்தி அமைச்சதுலதான் இருக்கு. கார்விங்கற புரோக்கிங் கம்பெனி ஞாபகம் இருக்கா? 2019 நவம்பர் 22ஆம் தேதி செபி ஆர்டர் போட்டுச்சு. கஸ்டமர்கள் குடுத்த பவர் ஆஃப் அட்டர்னிய வச்சு அவங்க ஷேர கம்பெனி தன் அக்கவுன்டுக்கு மாத்தி, பேங்குகள்ல அடகு வச்சு கடன் வாங்கியிருந்தாங்க, 2,000 கோடிக்கு மேல. கஸ்டமர் ஆப்ல பாத்தா ஷேர் இருக்கற மாதிரியே தெரியும், நெஜத்துல டீமேட்ல (டெபாசிட்டரில நம்ம பேர்ல இருக்கற ஷேர் கணக்கு) இருக்காது. டிசம்பர் மாசம் சுமார் 83,000 பேருக்கு டெபாசிட்டரி வழியா ஷேர் திரும்பிப் போச்சு, கம்பெனியோட ரிஜிஸ்ட்ரேஷன 2023ல ரத்து பண்ணாங்க. அவ்வளவு பெரிய தொகை அடகுக்குப் போற வரைக்கும் கண்ல படாம இருந்தது பெரிய ஓட்டைதான், அதுக்கு செபியும் எக்ஸ்சேஞ்சும் பொறுப்பு. ஆனா அதுக்கப்பறம் அவங்க செஞ்ச வேலைய நான் மனசார பாராட்டறேன்.

2020 செப்டம்பர்ல இருந்து மார்ஜினுக்கு வைக்கற ஷேர் நம்ம டீமேட்லயே இருக்கும், அது மேல பிளெட்ஜ்னு ஒரு குறி மட்டும் விழும், அதுக்கும் டெபாசிட்டரில இருந்து நேரா நமக்கு ஓடிபி வரும். புரோக்கர் அத எடுத்துட்டுப் போய் தன் கடனுக்கு அடகு வைக்கறதுக்கு வழியே அடைச்சாச்சு. 2022 நவம்பர்ல பவர் ஆஃப் அட்டர்னிக்கு பதிலா டிடிபிஐங்கற சின்ன அதிகாரப் பத்திரம் வந்துச்சு, வித்த ஷேர குடுக்கறது, பிளெட்ஜ் பண்றது மாதிரி சில குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்தான் அது செல்லும். 2023ல இருந்து நம்ம பணத்த புரோக்கர் ராத்திரி தன்கிட்ட வச்சுக்க முடியாது, டிரேடுக்கான பணத்தையும் ஷேரையும் செட்டில் பண்ற கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அனுப்பிடணும். அப்பறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ மாசத்துக்கு ஒரு தடவையோ, நாம தேர்ந்தெடுத்தபடி, அக்கவுன்ட்ல சும்மா கெடக்கற பணம் தானா நம்ம பேங்குக்கு திரும்பி வந்துடும். "ஏன் புரோக்கர் என் பணத்த திருப்பி அனுப்பிட்டான், அக்கவுன்ட மூடிட்டானா"ன்னு பதறிப் போய் கேக்கறவங்க இருக்காங்க, பதறாதீங்க, அது ரூல்.

மாமா கேஸ்ல கூட பாருங்க, ஷேர் ஒண்ணும் காணாம போகல. நஷ்டத்துக்கு ஈடா கொஞ்சம் வித்தாங்க, அவ்வளவுதான். 2019க்கு முன்னாடி இதே மாதிரி நடந்திருந்தா எங்க போய் நின்னிருப்போம்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது.

அப்பறம் அந்த மெசேஜ். எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வர்ற டிரேடு மெசேஜ், "உங்க புரோக்கர் உங்களுக்கு இவ்வளவு ஃபண்டு பேலன்ஸ், இவ்வளவு செக்யூரிட்டி பேலன்ஸ்னு எங்ககிட்ட சொல்லியிருக்காரு"ன்னு வர்ற மெசேஜ், டெபாசிட்டரில இருந்து வர்ற ஸ்டேட்மென்ட், இது எல்லாமே புரோக்கர் கை படாம வர்றது. ஆப்ல என்ன வேணா காட்டலாம், இதுல காட்ட முடியாது. ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாத்தாலே பாதி திருட்டு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும். ஆனா இது வேல செய்யணும்னா உங்க மொபைல் நம்பரும் மெயிலும் அக்கவுன்ட்ல சரியா இருக்கணும். சில எடத்துல ஏஜென்ட் தன் நம்பரையே போட்டு வச்சிடறாங்க, அப்ப மெசேஜ் எல்லாம் அவருக்கே போகும், நமக்கு ஒண்ணும் தெரியாது. உங்க அப்பா அம்மா அக்கவுன்ட்ல எந்த நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாத்துடுங்க.

அக்கவுன்ட் தொறக்கறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியதும் இருக்கு. செபி சைட்ல புரோக்கர் பேர போட்டா ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் வரும், புரோக்கருக்கு ஐஎன்இசட்னு ஆரம்பிக்கும், அட்வைசருக்கு ஐஎன்ஏ, ரிசர்ச் அனலிஸ்டுக்கு ஐஎன்எச். ஒவ்வொரு புரோக்கரும் மாசாமாசம் எவ்வளவு புகார் வந்துச்சு, எவ்வளவு தீர்த்தோம், எவ்வளவு பாக்கின்னு தன் வெப்சைட்ல போட்டே ஆகணும், பெரும்பாலும் அடியில குட்டியா ஒரு லிங்கா இருக்கும், தேடிப் பாருங்க. செபி போட்ட ஆர்டர்கள் கூட அவங்க சைட்ல கெடக்கு, கம்பெனி பேர போட்டு தேடினா பழைய வண்டவாளம் எல்லாம் வந்துடும். புரோக்கரேஜ் அஞ்சு ரூபா கம்மியான்னு பாக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க.

ஸ்கோர்ஸ்ல எதெல்லாம் நடக்காதுன்னும் சொல்லிடணும். ரிஜிஸ்டர் பண்ணாத ஆளு மேல அங்க புகார் எடுபடாது. டெலிகிராம்ல "தெனமும் ரெண்டு பர்சன்ட் கியாரன்டி"ன்னு பணம் வாங்கினவன், போலி டிரேடிங் ஆப் காட்டி ஏமாத்தினவன், இவங்கெல்லாம் செபி லிஸ்ட்லயே இல்ல, அதுக்கு உடனே 1930க்கு போன் பண்ணணும், சைபர் கிரைம், எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு பணம் பிடிபட வாய்ப்பு. 2025 அக்டோபர்ல இருந்து ஒரு நல்ல வசதி வந்திருக்கு: ரிஜிஸ்டர் ஆன புரோக்கருக்கு யுபிஐல பணம் போடறப்போ ஐடில "வேலிட்"னு ஒரு வார்த்தை, அதோட புரோக்கர்னா "பிஆர்கே", மியூச்சுவல் ஃபண்டுன்னா "எம்எஃப்"னு சேந்து வரும், பச்சை முக்கோணத்துக்குள்ள கட்டை விரல் குறியும் தெரியும். செபி செக்னு ஒரு டூல்லயும் ஐடிய போட்டு சரிபாக்கலாம். தனி ஆளோட யுபிஐக்கோ, அவரோட சேவிங்ஸ் அக்கவுன்டுக்கோ அனுப்பச் சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

தெரிஞ்சே டிரேடு பண்ணி நஷ்டமானா அதுக்கும் ஸ்கோர்ஸ் கிடையாது. செபியே 2024 செப்டம்பர்ல ஆய்வு வெளியிட்டுச்சு, எஃப் அண்ட் ஓல தனி ஆளுங்க 93 சதவீதம் பேருக்கு மூணு நிதியாண்டு சேத்துப் பாத்தா நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. ஆப் திறந்தா பத்துல ஒம்பது பேருக்கு நஷ்டம்னு ஒரு அறிவிப்பு வருதே, அத செபிதான் கட்டாயப்படுத்தியிருக்கு. ஆனா ரிலேஷன்ஷிப் மேனேஜர் போன்ல பேசி ஆர்டர் போடறப்போ அந்த அறிவிப்ப யாரு பாக்கறா? மாமா ஆப்பே திறந்ததில்ல. ஆப் யூஸ் பண்ற பசங்களுக்கு எச்சரிக்கை இருக்கு, போன்ல பேசற பெரியவங்களுக்கு இல்ல. அறுபது வயசுக்கு மேல உள்ளவங்க அக்கவுன்ட்ல எஃப் அண்ட் ஓ ஆக்டிவேட் ஆச்சுன்னா புரோக்கர் இல்லாம எக்ஸ்சேஞ்சே நேரா போன் பண்ணி உறுதி பண்ணிக்கணும்னு ரூல் வரணும்.

கேள்வி இருந்தா 1800 266 7575க்கு பேசுங்க, செபியோட இலவச எண், தமிழ்லயே பேசலாம். அதே மாதிரி அந்த எக்ஸ்சேஞ்ச் மெசேஜையும் தமிழ்ல அனுப்பினா எனக்கு பெரிய சந்தோஷம். இப்ப வர்றது இங்கிலீஷ்ல, அதுவும் சுருக்கெழுத்துல, மாமா மாதிரி ஆளுக்கு அது இன்னொரு விளம்பர மெசேஜ்தான். கேஒய்சி ஃபார்ம்ல எந்த பாஷைல மெசேஜ் வேணும்னு ஒரு கட்டம் சேத்து, "இன்னைக்கு உங்க கணக்குல இவ்வளவு ரூபாய்க்கு வாங்கி வித்திருக்காங்க, இது நீங்க சொல்லி நடந்ததா?"ன்னு தமிழ்ல ஒரு வரி வந்திருந்தா மாமா அன்னைக்கு சாயங்காலமே எனக்கு போன் பண்ணியிருப்பாரு. செபி பொதுமக்கள்கிட்ட கருத்து கேக்கற கன்சல்டேஷன் பேப்பர் அப்பப்போ அவங்க சைட்ல போடுவாங்க, மெயில்லயும் அனுப்பலாம். நான் இத எழுதி அனுப்பப் போறேன், நீங்களும் அனுப்புங்க.